நடவு லீவு

நான் எழுதியவற்றில் வாசகர்கள் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அது நான்கு வரி விண்ணப்பம். மற்றபடி இருபத்தைந்து வருடமாக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதிவருகிறேன். பத்திரிகைக்காரர்கள் பக்கம் மிஞ்சினால் போடுவார்கள். மனைவி படித்துவிட்டு, "இதுல எந்த எடத்துல சிரிக்கணும்?" என்று கேட்பாள். அந்த நான்கு வரியை மட்டும் பன்னிரண்டு பெண்கள், வருடத்துக்கு மூன்று தடவை, மலர்ந்த முகத்தோடு வாங்கிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு நவீன அரிசி ஆலையில் நான் பர்சனல் மேனேஜர். ஆள் சேர்ப்பது, மஸ்டரில் வருகை பார்ப்பது, தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி எண்ணுவது, இன்ஸ்பெக்டர் வந்தால் இளநீர் வெட்டச் சொல்வது எல்லாம் என் இலாகா. சட்டமும் அப்படியே. முதலாளிக்குச் சட்டம் என்றால் நான். எனக்குச் சட்டம் என்றால், என் மேஜையின் ஒரு கால் குட்டை என்பதால் அதற்கு முட்டுக்கொடுத்திருந்த தடித்த புத்தகம்.

அந்தப் புத்தகத்தில் இருந்த ஓர் எண்ணைத் தமிழ்நாட்டின் எல்லா மேனேஜர்களும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இருநூற்று நாற்பது. வருடத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்ட தொழிலாளியை நினைத்த மாத்திரத்தில் வெளியே அனுப்ப முடியாது. நோட்டீஸ் தர வேண்டும், இழப்பீடு தர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் எல்லைக்கோட்டைப் போட்டவுடன் அதற்கு ஒரு அடி முன்னால் நிற்பது எப்படி என்று யோசிப்பதுதானே நிர்வாகம்? இருநூற்று முப்பதை நெருங்கும்போது ஆளைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதுபோல் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். இதற்குத் தொழிலில் பெயர் 'பிரேக்'. எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த ஆள் என்றைக்கும் புது ஆள்.

நான் சேர்ந்த புதிதில் எங்கள் ஆலையிலும் அப்படித்தான். அரிசியில் கல், கருப்பு, பழுப்பு பொறுக்கும் பெண்களைத் திடுதிப்பென்று, "நாளையிலேருந்து ஒரு மாசம் வராதீங்க" என்று நிறுத்துவார்கள். அவர்கள் கேட்டில் நின்று அழுவார்கள். முதலாளிக்கு அழுகை ஆகாது. அவருக்கு ரத்தக்கொதிப்பு.

"நீங்கதான் நெறயப் படிக்கிறவராச்சே. அழாம அனுப்ப ஒரு வழி சொல்லுங்களேன்" என்றார்.

நான் வழி சொன்னேன். அந்தப் பெண்கள் எல்லாம் சுற்றுவட்டக் கிராமத்துக்காரர்கள். ஆலைக்கு வருவதற்கு முன் வயல் வேலை பார்த்தவர்கள். இப்போதும் நடவு நேரத்தில் ஊரில் ஆள் தேடுவார்கள். பிரேக்கை அந்தச் சமயத்தில் கொடுத்தால்? குறுவை நடவுக்கு ஒரு மாதம், சம்பா நடவுக்கு ஒரு மாதம், மாசி பங்குனியில் உளுந்து பறிக்க ஒரு மாதம். ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துக் கழித்தால் இருநூற்று நாற்பதைத் தொடாது. அதற்காகத்தான் அந்த நான்கு வரி: 'குடும்ப விவசாய வேலைகளின் பொருட்டு, என் சொந்த விருப்பத்தின்பேரில், இன்று முதல் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' மேட்டூரில் தண்ணீர் திறந்த செய்தி வந்ததும் பிரதி எடுக்கச் சொல்லிவிடுவேன்.

முதல் வருடமே அழுகை நின்றது. இரண்டாம் வருடம் நன்றி சொன்னார்கள். அதற்கு 'நடவு லீவு' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து மில்லில் கிடையாது, எங்கள் மில்லில்தான் உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். தையில் எனக்குப் புத்தரிசியும் பங்குனியில் உளுந்தும் வந்தன. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பன்னிரண்டு பேரில் மூத்தவர் ஓர் அம்மாள். அப்போது நாற்பதுக்குக் கீழே இருப்பார். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு கருப்பரிசிகூட எங்கள் ஏற்றுமதி மூட்டையில் துபாய்க்குப் போனதில்லை. எட்டாவது வரை படித்தவர். தான் கையெழுத்துப் போடுவதைப் படித்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"சார், 'விலகிக்கொள்கிறேன்'னு போட்டிருக்கே? நாங்க லீவுல தானே போறோம்?"

"அது ஆபீஸ் தமிழும்மா. ஆபீஸ்ல லீவுன்னா அப்படித்தான் எழுதணும்."

"அதானே பாத்தேன். ஒங்க ஆபீஸ்ல எதத்தான் நேரா சொல்லியிருக்கீங்க" என்று சிரித்தார். மற்ற பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் நகைச்சுவைக்கு அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இப்படிப் பதினொரு வருடம் போயிற்று. இதற்கு நடுவே, நான்கு வருடத்துக்கு முன்பு அந்த அம்மாளுக்கு முழங்கால் தேய்ந்துபோனது. மருத்துவக் கல்லூரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சேற்றில் இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, உட்கார்ந்து பார்க்கிற வேலையாகப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

"நல்லவேள சார், நம்ம வேல பெஞ்சுல உக்காந்து பாக்குறது" என்றார் என்னிடம். அதன் பிறகும் நடவு லீவுக்கு எல்லோரோடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வயலில் இறங்காமல் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்களைக் கிண்டல் செய்துகொண்டிருப்பாராம்.

போன வருடம் முதலாளி கலர் சார்ட்டர் வாங்க முடிவு செய்தார். அரிசியைக் கேமராவால் பார்த்துக் கருப்பை ஊதித் தள்ளும் இயந்திரம் அது. பன்னிரண்டு பேரின் வேலையைக் கொட்டாவி விடாமல் செய்யும். அது ஓடுவதை நேரில் பார்த்துவர என்னையும் எங்கள் ஏற்றுமதி ஏஜெண்டையும் ஜெர்மனிக்கு அனுப்பினார். ஏஜெண்ட் நாகூர்க்காரர், வளைகுடாவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு வந்தவர்.

அங்கே ஓர் ஆலையில் பகல் சாப்பாட்டுக்கு நாங்கள் நான்கு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். அந்த ஆலையின் மேனேஜர், எங்களைப் போலவே இயந்திரம் பார்க்க வந்த ஓர் அமெரிக்கர், நாகூர்க்காரர், நான். மூன்று பேர் ஆங்கிலத்தை மூன்று விதமாகக் கொன்றோம். அமெரிக்கருக்கு அது தாய்மொழி என்பதால் அவர் பேசியதுதான் ஒருவருக்கும் சரியாகப் புரியவில்லை.

ஜெர்மன் மேனேஜர் புலம்பினார். இந்த இயந்திரத்தை வாங்கி மூலையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் பேசினாராம். தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த குழு ஒன்று இருக்கிறதாம். அதன் காதில் போடாமல் ஒருவரையும் நீக்க முடியாதாம். யாருக்கு வயது அதிகம், யாருக்குப் பிள்ளைகள் அதிகம், யாருக்கு உடல் நலமில்லை என்று பார்த்து, கடைசியில் பாதிப் பேருக்கு அதே ஆலையில் வேறு வேலை பழக்கிக் கொடுத்தாராம். "என் கை கட்டப்பட்டிருக்கிறது" என்றார். சாப்பிடும்போது அந்தக் கைகளைக் கவனித்தேன். நன்றாகத்தான் இருந்தன.

அமெரிக்கர் தம் ஊரில் அதெல்லாம் இல்லை என்றார். வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னால் போதும், காரணம்கூட வேண்டாமாம். அதே முறையில் தம்மையும் இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பதை உருளைக்கிழங்கு பரிமாறும்போது சொன்னார்.

நாகூர்க்காரர் என் பக்கம் சாய்ந்து, "இவங்க எல்லாம் அனுப்புறதுக்குச் சட்டம் பாக்குறாங்க, சார். நான் இருந்த காலத்துல அங்கன வேலைய விட்டு வர்றதுக்கே முதலாளி சம்மதம் வேணும். என் பாஸ்போர்ட் அவர் மேசைக்குள்ள நாலு வருசம் தூங்குச்சு. நம்ம வாப்பா மௌத்தானப்ப அடக்கத்துக்குக்கூட வர முடியல" என்றார். சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்.

என் முறை வந்தது. நான் நடவு லீவைப் பற்றிச் சொன்னேன். உலக மேனேஜர்கள் முன்னால் தஞ்சாவூரின் மூளையை நிரூபிக்கும் ஆர்வம் எனக்கு. ஆற்றில் தண்ணீர் வருவது, நாற்று வளர்வது, கணக்கு இருநூற்று நாற்பதுக்குக் கீழே நிற்பது எல்லாவற்றையும் காகிதக் கைக்குட்டையில் படம் போட்டு விளக்கினேன். அமெரிக்கர் கை கொடுத்தார். ஜெர்மன்காரர் மட்டும், "அந்தப் பெண்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"அவர்கள் எனக்கு நன்றி சொல்கிறார்கள்" என்றேன்.

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் தண்ணீர் வேண்டுமா என்பதைத் தவிர என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விஷயம் எனக்குப் புரிவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இயந்திரம் வந்தது. குறுவை நடவு லீவுக்குப் போன பன்னிரண்டு பேரும் திரும்பி வந்தபோது கேட்டில், "மிஷின் டிரயல் ஓடுது, கூப்பிட்டு அனுப்புவாங்க" என்று சொல்லச் சொன்னேன். பதினொரு பேர் சரி என்று போய்விட்டார்கள். முழங்கால் தேய்ந்த அம்மாளால் அப்படிப் போக முடியவில்லை. மற்றவர்களுக்கு மில் இல்லையென்றால் வயல் இருந்தது. அவருக்கு அந்த பெஞ்ச் ஒன்றுதான். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரோ சொல்லி, தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டார். திரும்ப வேலை வேண்டும், உட்கார்ந்து பார்க்கிற எந்த வேலையானாலும் சரி. மனுவில் இருந்தது அவ்வளவுதான்.

சமரசப் பேச்சுக்கு வக்கீல்கள் வரக்கூடாது என்பது விதி. அதனால் நிர்வாகத்தின் வாயாக நான் போனேன். பதினொரு வருடத்து விண்ணப்பங்களையும் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டேன். அவர் துவைத்து மடித்த சேலையில், ஒரு பிளாஸ்டிக் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த முழங்காலோடு.

"உக்காருங்கம்மா, உக்காருங்க."

"கோவிச்சுக்காதீங்க சார். ஒங்க மேல மனுக் குடுக்கல. மில்லு மேலதான் குடுத்திருக்கேன்."

அதிகாரி ஒரு பெண்மணி. என் வயதிருக்கும். அவர் கட்டைப் புரட்டிய விதத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. இப்படிப்பட்ட கட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய விரல்கள்.

"எத்தன வருசமாம்மா வேல பாக்குறீங்க?"

"பதினோரு வருசம், மேடம்."

"தொடர்ந்தா?"

"தொடர்ந்துதான். நடவுக்கும் உளுந்துக்கும் மட்டும் லீவு குடுப்பாங்க."

"லீவா? இதுல வேலையவிட்டு விலகுறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

அம்மாள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு, தெரியாதவருக்கு விளக்கும் பொறுமையோடு, "அது ஆபீஸ் தமிழ், மேடம்" என்றார்.

அதிகாரி பேனாவை மூடினார். "அம்மா, அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க. இந்த லீவுக்குக் கம்பெனி ஒங்களப் போகச் சொல்லுச்சா, இல்ல நீங்களாக் கேட்டுப் போனீங்களா? கம்பெனிதான் போகச் சொல்லுச்சுன்னா விசயம் வேற. இந்த ஒரு கேள்வியிலதான் எல்லாம் இருக்கு. புரியுதா?"

அதைவிடத் தெளிவாக ஓர் அரசு அதிகாரியால் கதவைத் திறந்து பிடிக்க முடியாது. அம்மாள் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் யோசிக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி போகச் சொன்னது என்று சொன்னால் அந்தத் தப்பு யார் தலையில் விழும்? லீவு கொடுத்த சார் தலையில்.

"நாங்களாத்தான் கேட்டோம், மேடம். சார் ஒரு நாளும் எங்களப் போகச் சொன்னதில்ல. நல்ல மனசுக்காரரு. வேற எந்த மில்லுல நடவுக்கு லீவு குடுக்குறாங்க, நீங்களே சொல்லுங்க."

உண்மையில் அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் தம் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

'அவர் கேட்கவில்லை, நான்தான் அனுப்பினேன்.' இவ்வளவுதான் வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருந்தது. தொண்டை வரை வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டு என் நிலைமையை யோசித்தேன். மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் நான் தொழிலாளி இல்லை. இருநூற்று நாற்பது அல்ல, ஐயாயிரம் நாள் வேலை பார்த்திருந்தாலும் முதலாளி என்னை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் அனுப்பிவிடலாம். ஐம்பத்திரண்டு வயதில் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்ள ஓர் ஆலையும் இல்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி.

"ரெக்கார்டுல இருக்கறதுதான், மேடம்" என்றேன்.

அதிகாரி மூடிய பேனாவைத் திறந்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். சமரசம் ஏற்படவில்லை, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் இப்போது சொன்னது எல்லாம் இந்தக் கோப்பில் இருக்கும் என்று அம்மாளிடம் நிதானமாகச் சொன்னார். அம்மாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், "நல்லபடியாச் சொன்னேனா, சார்?" என்று கேட்டார்.

எதிரே டீக்கடை. அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இருநூற்று நாற்பது, பிரேக், நான்கு வரி. ஏன் சொன்னேன் என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உள்ளே சொல்லியிருந்தால் அவருக்கு வேலை கிடைத்திருக்கும். வெளியே சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்தது, அவ்வளவுதான்.

அவருடைய டீயில் ஆடை கட்டியிருந்தது.

"அப்ப எங்களுக்காகக் குடுத்தது இல்லையா, சார் அது?"

"இல்லம்மா."

"என் மவ கல்யாணத்துல மொதப் பந்தியில ஒங்கள உக்காரவச்சுத்தான் மத்தவங்களுக்கு எல போட்டேன்."

"கோர்ட்டுக்குப் போங்கம்மா. அங்க வந்து நான் உண்மையச் சொல்றேன்."

"இன்னிக்குச் சொல்லாதத அன்னிக்கு எப்படி சார் சொல்லுவீங்க?" கோபமாகக் கேட்கவில்லை. என் கால்வலியை விசாரிப்பதுபோல் கேட்டார்.

அவர் பிளாஸ்டிக் பையை மடித்து இடுக்கிக்கொண்டார்.

"ஒண்ணு மட்டும் செய்யுங்க, சார். இத அவளுவகிட்ட சொல்லிராதீங்க. பதினோரு வருசமா நம்மளப் பத்தியும் ஒருத்தரு நெனச்சுப் பாத்தாருன்னு இருக்காளுவ. அது அப்படியே இருந்துட்டுப் போவட்டும்."

எழுந்திருக்க அவருக்கு நேரமாயிற்று. கை கொடுக்கப் போனேன். மேஜையைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்தார். கோர்ட்டுக்கு அவர் போகவில்லை.

இந்தக் குறுவைக்குத் தண்ணீர் வந்து ஊரெல்லாம் நடவு. ஒரு நாள் காலை ஆலைக்குப் போகும் வழியில் ரோட்டோர வயலில் எங்கள் மில் பெண்களைப் பார்த்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். அதற்குள் ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"சார்! இந்தத் தடவ லீவு ரொம்ப நீளமாக் குடுத்துட்டீங்களே! மிஷினு இன்னும் டிரயலாவே ஓடுதா?"

"அதுக்குக் கருப்பரிசி தெரியுதா, சார்? கண்ணாடி வாங்கி மாட்டுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். வரிசையின் கடைசியில், கணுக்காலுக்கு மேல் சேற்றில், கையில் நாற்று முடியோடு அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். முழங்காலில் ஒரு பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"எப்ப சார் கூப்பிடுவீங்க?" என்றாள் முதலில் கூப்பிட்டவள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாள், என் பக்கம் திரும்பாமலே, "கூப்புடுவாருடி. நம்மள வுட்டா அவருக்கு யாரு இருக்கா. பேசாம குனிஞ்சு நாத்த நடுங்க" என்றார்.

அவர்கள் குனிந்தார்கள். அவரும் குனிந்தார். முதலில் ஒரு கையைத் தொடையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக. அவருடைய கை தண்ணீரைத் தொடும் வரை நான் நின்றிருந்தேன். பிறகு வண்டியைக் கிளப்பினேன். மில்லில் பத்து மணிக்கு மீட்டிங் இருந்தது.